திருமண மேடையில் ஒரு கடத்தல்காரனின் பாட்டு

ஏரிக்கரை
சனிக்கிழமை, இரவு 10.40

இன்று மாலை பெங்களூர் கம்மனஹள்ளியில் என் சித்தி மகளுக்குத் திருமண வரவேற்பு. மெல்லிசைக் குழுவினர் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். எட்டரை மணி வாக்கில் கிட்டார் தனியாக ஒலித்தது. இரண்டு சுரம் வருவதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. "என் இனிய பொன் நிலாவே." மாப்பிள்ளை வெட்கத்தோடு மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நெருங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நான் பந்தியில் இருந்தேன். அப்போதுதான் இலையில் பிசிபேளாபாத் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மழைக்கு வெளியே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து "மூடுபனி" பார்த்தேன். பாலு மகேந்திரா இயக்கி 1980 தீபாவளிக்கு வந்த படம். இளையராஜாவுக்கு அது நூறாவது படம். பழைய பெங்களூரைப் பார்க்கலாமே என்ற ஆசையில்தான் போட்டேன். அந்தச் சாலைகளும் மரங்களும் கூட்டமில்லாத தெருமுனைகளும் முதல் அரை மணி நேரம் என்னை மயக்கித்தான் வைத்திருந்தன.

பாட்டு எங்கே வருகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. முப்பத்து நான்கு வயதாகிறது, நூறு முறையாவது கேட்டிருப்பேன், காட்சியைப் பார்த்ததே இல்லை. பிரதாப் போத்தன் நடித்திருக்கும் சந்துரு என்பவன் பெண்களைக் கொல்கிறவன். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் திரிந்து வளர்ந்தவன். ரேகா என்ற பெண்ணைக் கடத்திக்கொண்டு போய் ஊட்டியில் ஒரு பங்களாவில் வைத்திருக்கிறான். அந்த இடத்தில்தான் கிட்டாரை எடுத்து, யேசுதாஸின் குரலில், பொன் நிலாவே என்று அவளைப் பார்த்துப் பாடுகிறான். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுந்து போக அவளுக்கு வழி இல்லை.

இரவு இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை. பாட்டில் குறை எதுவும் இல்லை என்பதுதான் என்னை வதைத்தது. அத்தனை இனிமை. அந்த இனிமை முழுவதும் அவன் பக்கம் இருக்கிறது. அவள் பக்கம் ஒரு சுரம்கூட இல்லை. படம் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறது, அதனால் படத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் நம் மீதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண்ணை அந்த அறையில் விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கல்யாணங்களில் பாடிக்கொண்டிருக்கிறோம்.

உங்களைத் தூங்கவிடாத படம் எது? பார்த்து வயிறு எரிந்த படம் எது? இந்த இரண்டும் ஒன்றா, வேறு வேறா? எனக்கு யாரிடமாவது பேசியாக வேண்டும்.

காக்ஸ் டவுன் குமரன்
சனிக்கிழமை, இரவு 11.15

உங்கள் மனநிலை புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாட்டு படத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அது கேட்பவருடையது. என் அப்பா அம்மாவின் திருமணம் 1983-இல். அந்தக் காலத்தில் அப்பா அம்மாவுக்குப் பதிவுசெய்து கொடுத்த நாடாவில் முதல் பாட்டு அதுதான். அம்மா இன்றைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவரிடம் போய் இது ஒரு கொலைகாரன் பாடியது என்று சொல்ல வேண்டுமா? கங்கை அமரன் எழுதிய வரிகளில் கத்தி எங்கே இருக்கிறது? ஒருவன் நிலவைப் பார்த்துப் பாடுகிறான். அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் கெட்ட படம் என்றால் "விசாரணை". போலீஸ் அடிக்கும் அந்தக் காட்சிக்குப் பிறகு இரண்டு நாள் காவல் நிலையம் இருக்கும் தெரு வழியாகக்கூடப் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் அலுவலகம் போனேன்.

பழைய ஆபரேட்டர்
ஞாயிறு, காலை 6.20

ஏரிக்கரை அம்மா, நான் எழுபதைத் தொடப்போகிறவன். 1976 முதல் இருபத்தொன்பது ஆண்டுகள் இந்த ஊரில் தியேட்டர் கேபினுக்குள் இருந்து படம் ஓட்டியவன். எந்தத் தியேட்டர் என்று சொல்ல வேண்டாம், இப்போது அந்த இடத்தில் வேறு கட்டடம் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது புத்தகத்தில் படித்தது அல்ல, சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தது.

ஆபரேட்டர் படத்தை அதிகம் பார்ப்பதில்லை. புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கிவிடும். அடுத்த ரீலை இரண்டாவது புரொஜக்டரில் ஏற்ற வேண்டும். திரையின் வலது மேல்மூலையில், ரீல் முடியப்போவதைக் காட்டும் வட்டப் புள்ளி வருகிறதா என்று பார்த்து, இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும். இவற்றுக்கு நடுவில் எங்களுக்குக் கிடைப்பது கூட்டத்தின் சத்தம்தான். படப்பெட்டி வந்து முதல் இரண்டு காட்சி ஓடியதுமே, கண்ணை மூடிக்கொண்டு எந்த ரீல் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். சிரிப்பு, விசில், இருமல், நாற்காலிச் சத்தம் எல்லாவற்றுக்கும் ரீல் எண் உண்டு.

"மூடுபனி" நான் ஓட்டிய படம். நீங்கள் சொல்லும் பாட்டு வரும்போது முன்வரிசைக்காரர்கள்கூடக் கத்தவில்லை. வெளியே மழை பெய்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. பாட்டு பிடித்திருந்ததாலா, பயந்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அமைதி மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அதே ஆண்டுகளில் வேறு மாதிரிப் படங்களும் வந்துகொண்டே இருந்தன. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லும் தகுதிகூட அவற்றுக்கு இல்லை. கதாநாயகனின் தங்கை என்று ஒரு பெண் இருந்தாலே போதும், அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஊருக்கே தெரியும். பலாத்காரக் காட்சி. அது எந்த ரீலில் வருகிறது என்று டிக்கெட் கிழிப்பவரிடம் விசாரித்துவிட்டு உள்ளே வருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி வந்ததும் விசில் பறக்கும். அந்தப் பெண் கதறக் கதற இங்கே விசில். நான் கேபினில் நிற்பேன், என் கையிலிருந்துதான் அந்த வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்.

என் தங்கைக்கு அப்போது பதினெட்டு வயது. ஒரு மாலைக் காட்சிக்கு அம்மாவும் அவளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விசில் தொடங்கியதும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். தங்கை தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தோளைச் சுற்றி முந்தானையைப் போட்டிருந்தாள். படத்தில் நடப்பது அவளுக்கு நடப்பதைப் போல.

அன்று இரவு ஆட்டம் முடிந்ததும் அந்த ரீலைச் சுற்றும் மேசையில் வைத்து, நாற்பது அடியைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும், அதனால் நாற்பது அடி என்றால் அரை நிமிடத்துக்கும் குறைவு. மறுநாள் பகல் காட்சியில் அந்த இடம் தாவியதும் கீழே பெரிய கலவரம். இரண்டு நாற்காலி உடைந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, மாலைக்குள் ஒட்டிவைக்காவிட்டால் வேலை இல்லை என்றார். நாற்காலிக்கான பணத்தையும் சம்பளத்தில் பிடித்தார். ஒட்டினேன். ஒட்டுப்போடும்போது இரண்டு பிரேம் போயே தீரும், பிலிமின் மேல்பூச்சைச் சுரண்டித்தான் பசை வைக்க வேண்டும். அந்தத் துண்டின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, ஆக நான்கு பிரேம் போயிற்று. விநாடிக்கு இருபத்து நான்கு பிரேமில் நான்கு. என்னால் அந்தப் பெண்ணுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கலங்க வைக்கும் படத்தில் கூட்டம் அமைதியாகும். கேடுகெட்ட படத்தில் கூட்டம் விசிலடிக்கும். இருபத்தொன்பது ஆண்டுகளில் இது மாறி நான் பார்த்ததில்லை.

தமிழ்மணி
ஞாயிறு, காலை 9.05

ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். படத்தைக் கத்தரிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இன்று நீங்கள் நல்ல எண்ணத்தில் வெட்டினீர்கள். நாளை வேறொருவர் தனக்குப் பிடிக்காத சாதிக்காரர் பேசும் வசனத்தை வெட்டுவார்.

பழைய ஆபரேட்டர்
ஞாயிறு, காலை 9.50

உரிமை இல்லை தம்பி. செய்தது தவறு என்று எங்கள் சங்கத்தில் கேட்டபோதும் ஒப்புக்கொண்டேன். ஒரு படத்தை முழுதாகக் காட்டுவது ஆபரேட்டரின் கடமை, அதை நான் அந்த ஒரு நாள்தான் மீறினேன். நியாயம் என்று சொல்ல வரவில்லை. எழுதியதெல்லாம் என் தங்கை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லத்தான்.

மர்பி டவுன் மேரி
ஞாயிறு, காலை 10.30

அண்ணா, உங்கள் தங்கையாக நானும் இருந்திருக்கிறேன். எந்தத் தியேட்டரில் எந்த வரிசையில் என்றுகூடச் சொல்ல முடியும். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் எதையாவது தேடுவோம். கைப்பையில் சில்லறை, குழந்தையின் பால் புட்டி, எதுவும் இல்லாவிட்டால் வளையலை எண்ணுவோம்.

மாரிக்குப்பம் ரயில்
ஞாயிறு, மதியம் 12.10

நான் கோலார் தங்கவயல்காரன். அதிகாலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். ஆபரேட்டர் ஐயா சொன்ன அமைதியும் விசிலும் எனக்கு வேறொரு இடத்தில் தலைகீழாக நடந்தது. அதை எழுதிவிடுகிறேன், பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடக்கிறது.

எங்கள் ஊரின் பெயரிலேயே 2018-இல் "கே.ஜி.எஃப்." என்று ஒரு படம் வந்தது. கன்னடத்தில் எடுத்து, தமிழ், தெலுங்கு, இந்தி என்று எல்லா மொழியிலும் ஓடிய படம். 2022-இல் இரண்டாம் பாகமும் வந்தது. முதல் பாகத்துக்கு அலுவலகமே கிளம்பியது. "உன் ஊர்ப் படம், நீ வராமல் எப்படி" என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். சயனைடு மலையைத் திரையில் பார்த்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலையாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் எங்கள் வீட்டுக்குள் வரும். சோற்றுப் பானையை மூடிவைத்துத்தான் பழக்கம். அந்த மலை மேல்தான் நாங்கள் பட்டம் விட்டோம்.

பிறகு சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். கறுத்த உடம்பு, அழுக்குத் துணி, பேச்சு இல்லை. அடிமைக் கூட்டம். சவுக்கு விழுந்தால் விழுவார்கள், ஒருவன் வந்து காப்பாற்றினால் கைகூப்பி அண்ணாந்து பார்ப்பார்கள். கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலம் எழுபது, எண்பதுகள். அந்தக் காலத்தில் என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே பாறையே சுடும். பாறை வெடித்துச் செத்தவர்கள் எங்கள் குடியிருப்பு லைனில் வீட்டுக்கு வீடு உண்டு. கொடுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அரசு நிறுவனம். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத்தை 1956-லேயே அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. தாத்தாவுக்குச் சங்கம் இருந்தது, செங்கொடி இருந்தது, வருங்கால வைப்பு நிதி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து சாதிக் கொடுமை தாங்காமல் நடந்து வந்தவர்களின் பேரர் அவர். அம்பேத்கர் படத்தை வீட்டு வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருந்தார். சாகும்வரை யாரையும் கைகூப்பி அண்ணாந்து பார்த்தவர் இல்லை.

அவர் இறந்தது சிலிக்கோசிஸில். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிடும் நோய். கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு நிற்கும். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அந்த இருமல் சத்தத்தில் பாடம் படித்தவன் நான். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு நின்றால் எந்த வீட்டிலிருந்து யார் இருமுகிறார் என்று சொல்லிவிடலாம்.

அன்று தியேட்டரில் அத்தனை பேர் சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறார்கள், என் காதில் ஒரு இருமல் விழவில்லை. தாத்தாவைத் தேடுவதுபோல் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முகம் பதியும் முன்பே காட்சி மாறிவிடும். என்னைச் சுற்றி விசில். பக்கத்திலிருந்த நண்பன் என் தோளைக் குலுக்கி, "உங்கள் ஊர், உங்கள் ஊர்" என்று கத்தினான். நானும் கைதட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். அதன் பிறகுதான் எங்கள் ஊர் ரயிலில் ஏறியது. அதைப் பற்றிப் படம் எடுக்க யாருக்கும் தோன்றாது, அதில் சண்டைக் காட்சி கிடையாது.

காக்ஸ் டவுன் குமரன்
ஞாயிறு, மதியம் 12.40

அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் விசிலடித்தேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். தாத்தாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள் அண்ணா.

தமிழ்மணி
ஞாயிறு, மதியம் 1.25

நானும் விசிலை ஒரு அளவுகோலாக ஏற்கத் தயங்குகிறேன். ஆபரேட்டர் ஐயா சொல்வது எண்பதுகளின் தியேட்டருக்குச் சரியாக இருக்கலாம். இப்போது கூட்டம் தந்திரமாகிவிட்டது. 2024-இல் வந்த "மகாராஜா"வை எடுத்துக்கொள்ளுங்கள். (பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடவும், முடிவைச் சொல்லப்போகிறேன்.) குப்பைத் தொட்டியைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வருகிறார் ஒரு முடிதிருத்துபவர். அரங்கம் சிரிக்கிறது. கடைசியில், அந்த வீட்டில் அவர் மகளுக்கு நடந்த கொடுமைதான் உண்மையான புகார் என்று தெரிகிறது. அரங்கம் உறைந்துபோகிறது. ஐயாவின் கணக்குப்படி இது அமைதி, எனவே நல்ல படம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த வன்கொடுமையை இரண்டு மணி நேரம் முடிச்சுப் போட்டு ஒளித்துவைத்து, கடைசியில் பரிசுப் பொட்டலம்போல் அவிழ்க்கிறார்கள். அந்த அமைதி துக்கத்தால் வந்ததில்லை, திகைப்பால் வந்தது. வெளியே வந்தவர்கள் எல்லோரும் திரைக்கதையைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

மர்பி டவுன் மேரி
ஞாயிறு, மதியம் 2.10

தமிழ்மணி, அதில் நான் உங்களோடு இல்லை. அந்தப் பெண் ஒளிந்துகொள்வதில்லை. தன்னைச் சிதைத்தவனை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்து, அவன் முன்னால் நின்று பேசுகிறாள். ஆபரேட்டர் அண்ணா காலத்துப் படங்களில் அந்தத் தங்கைகள் எல்லாம் மறுநாளே கிணற்றில் விழுவார்கள், இல்லாவிட்டால் கெடுத்தவனுக்கே கழுத்தை நீட்டுவார்கள். இவள் வந்து பேசியபோது நான் குனிந்து வளையலை எண்ணவில்லை. முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில். அதை எனக்குக் கொடுத்த படத்தைத் திரைக்கதைத் தந்திரம் என்று என்னால் தள்ள முடியாது.

தமிழ்மணி
ஞாயிறு, மதியம் 2.30

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மறுக்கவில்லை அக்கா. ஆனால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. இதை இப்படியே விட்டுவிடுவோம்.

ஏழாம் குறுக்குத் தெரு
ஞாயிறு, மாலை 5.45

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குமரன் தம்பி பாட்டு கேட்பவருடையது என்றார். படமும் அப்படித்தான். எடுத்தவர் நினைத்தே பார்க்காத இடத்தில் போய்க் குத்தும்.

ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவன் நான். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்கு அடுத்து ஒரு கன்னடக்கார அஜ்ஜி (பாட்டி) இருந்தார். இரவு வந்து அம்மாவையும் என்னையும் தம்பியையும் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா கடையில் மாட்டிக்கொண்டார், மூன்று நாள் கழித்துத்தான் வந்தார். சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு அஜ்ஜி எங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினார். யாராவது வந்து பெயர் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று. எங்களுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும், தெருவில் விளையாடுவதே கன்னடத்தில்தான். ஆனால் பயத்தில் தம்பிக்கு வாயில் தமிழ்தான் வந்தது. "நன்ன ஹெசரு" என்று அஜ்ஜி சொல்லச் சொல்ல, அவன் "என் பேர்" என்று தொடங்கி அழுதான். இரவு முழுவதும் அந்த இரண்டு சொல். அஜ்ஜி அவன் தலையைத் தடவிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். சீயக்காய் வாசனையும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையும் கலந்த அந்த அறை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

1995-இல் "பம்பாய்" வந்தது. அப்பா எங்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார். பாட்டெல்லாம் எங்களுக்கு மனப்பாடம், கொண்டாட்டமாகத்தான் போனோம். இரட்டைப் பையன்களைக் கலவரக்காரர்கள் பிடித்து, மண்ணெண்ணெயை ஊற்றி, நீ இந்துவா முஸ்லிமா என்று கேட்கும் காட்சி இருக்கிறது. ஒருவன் பெயர் கபீர் நாராயண், இன்னொருவன் கமால் பஷீர். இரண்டு பேருமே என்ன பதில் சொன்னாலும் தவறு. அந்த இடத்தில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மிக மெதுவாக. "நன்ன ஹெசரு." தம்பி. திரையைப் பார்த்துக்கொண்டே, தன்னை அறியாமல், பெயரைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது பத்து வயது.

அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள், பத்து வயதுப் பையனைக் கைக்குழந்தைபோல. நான் அப்பாவோடு கடைசிவரை இருந்தேன். முடிவில் எல்லோரும் கைகோத்து நிற்கிறார்கள், இசை உயர்கிறது, தியேட்டர் முழுவதும் கைதட்டியது. எனக்கு அந்த முடிவு ஒட்டவில்லை. அதற்குள் கை எப்படிக் கோத்துக்கொண்டது என்று கோபம்கூட வந்தது. எங்கள் தெருவில் அஜ்ஜி கைகோத்து நின்றதில்லை. கதவைத் தாழ்போட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு பையன்களுக்கு இரண்டு சொல்லைக் கற்றுக்கொடுத்தார்.

அந்தப் படத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை இரண்டாவது முறை பார்க்கவில்லை.

மாரிக்குப்பம் ரயில்
ஞாயிறு, மாலை 6.20

தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

ஏழாம் குறுக்குத் தெரு
ஞாயிறு, மாலை 6.35

நன்றாக இருக்கிறான். அரசுப் பள்ளியில் கன்னட ஆசிரியர். அஜ்ஜி இறந்தபோது அவர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் அவனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

பழைய ஆபரேட்டர்
ஞாயிறு, இரவு 8.10

விசில், அமைதி என்று நான் சொன்னது குறைதான். தியேட்டரில் இன்னொரு சத்தமும் உண்டு. நடுப்படத்தில் பக்கக் கதவு திறந்து மூடும் சத்தம். கேபினில் இருந்தபோது சிறுநீர் கழிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். அந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதை இப்போது படித்த பிறகு, எத்தனை கதவுச் சத்தம் கேட்டிருப்பேன் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏரிக்கரை
திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

மறுவீட்டு விருந்துக்குச் சித்தி மகள் வந்திருந்தாள். பந்தியிலிருந்து ஏன் எழுந்து போனாய், சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று கேட்டாள். மறைக்கத் தெரியவில்லை. சொன்னேன். அவளுக்கும் தெரியாது. அந்தப் பாட்டை மாப்பிள்ளைதான் தேர்ந்தெடுத்தாராம். நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் இரவு அதைத்தான் அனுப்புவாராம். சொன்னதற்காக என்னையே நொந்துகொண்டேன். குமரன் தன் அம்மாவைப் பற்றி எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் அவள் போடச் சொன்னாள். இருவரும் என் அறையில் உட்கார்ந்து அந்தக் காட்சியை மட்டும் பார்த்தோம். பாட்டு முடியும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. அவனைப் பார்க்கவே இல்லை, அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மீண்டும் ஒருமுறை போடு என்றாள். இரண்டாவது முறை பார்க்கும்போது ஒலியைக் குறைத்துவிட்டாள். பாட்டில்லாமல், அந்த அறையும் அவளும் மட்டும்.

"இந்த நடிகை யார்?" என்று கேட்டாள். சோபா என்றேன். "பசி" படத்துக்காக தேசிய விருது வாங்கியவர். இந்தப் படம் தீபாவளிக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை, அதே ஆண்டு மே 1-ஆம் தேதி இறந்துவிட்டார் என்றேன்.

"என்ன வயது?"

"பதினேழு."

அவள் கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருதாணி இன்னும் அழியாத தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கீழே மாப்பிள்ளை கூப்பிட்டார், போனாள். இன்று இரவு அவர் அந்தப் பாட்டை அனுப்பினாரா, அனுப்பியிருந்தால் இவள் என்ன பதில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போவதும் இல்லை.